டீச்சர் விசாவில் ஒரு ஹெல்த் கார்டு

இந்தத் துபாயில் எந்தக் கவுண்டரில் போய் நின்றாலும் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்கிற கேள்வி, "உன் கஃபீல் யார்?" என்பதுதான். நம் பக்கத்தில் "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்களே, அதுமாதிரி. கஃபீல் என்றால் நம்மை இந்த மண்ணில் நிற்கவைத்திருக்கிற பொறுப்பாளி. அவர் கையெழுத்துப் போட்டால் நாம் இருக்கிறோம், போடாவிட்டால் விமானத்தில் இருக்கிறோம். போன வாரம் ஒரு சிம் கார்டு வாங்கப் போயிருந்தேன். கவுண்டரில் ஒரு பிலிப்பினோ பெண். "ஸ்பான்சர் நேம், சார்?" என்றாள். "ரூபி" என்றேன். "கம்பெனி நேம் சார்" என்றாள். "நோ கம்பெனி. ஒய்ஃப்" என்றேன். அவள் மிகுந்த மரியாதையோடு டைப் செய்து, சரிபார்க்கச் சொல்லித் தாளைத் திருப்பிக் காட்டினாள். 'ரூபி ஒய்ஃப் டிரேடிங்' என்று இருந்தது. நான் திருத்தச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒன்றரை வருடமாக நான் அந்த நிறுவனத்தில்தான் இருக்கிறேன். காலை ஐந்தரைக்கு டூட்டி ஆரம்பம். முட்டை அவிப்பது, டிபன் பாக்ஸ் கட்டுவது, முதலாளியம்மாவின் சேலைக் கொசுவத்தைக் கீழே உட்கார்ந்து இழுத்துவிடுவது. ஓவர்டைம் உண்டு. சம்பளம் மாஃபி, அதாவது கிடையாது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நான் முப்பது வருடத்துக்குப் பக்கமாக வளைகுடாவில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். முதல் பத்து வருடம் சவூதியில் ஜுபைல், மீதி துபாய். பாளையங்கோட்டையில் மட்டும் நான் 'மேனேஜர்'. அந்தப் பதவி உயர்வை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன், கம்பெனிக்குத் தெரியாது. அறுபது முடிந்ததும் கம்பெனியில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து, கேக் வெட்டி, "கலாஸ்" என்றுவிட்டார்கள். முடிந்தது என்று அர்த்தம். இங்கே ரிட்டயர் ஆனவனுக்கு பென்ஷனும் கிடையாது, ரிட்டயர் ஆனவன் என்று ஒரு விசாவும் கிடையாது. வேலை போனால் விசா போகும், விசா போனால் ஆளும் போகவேண்டும். நான் போகாமல் தப்பித்ததற்குக் காரணம் என் மனைவி ரூபி. இந்தியப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். என்னைவிட ஐந்து வயது இளையவள், இன்னும் மூன்று வருடம் வேலை இருக்கிறது. டீச்சர், நர்ஸ், டாக்டர் மாதிரி வேலையில் இருக்கிற பெண்கள் புருஷனைத் தங்கள் விசாவில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி இருந்தது. வருடா வருடம் புதுப்பிக்கவேண்டும். ஆபீசர்கள் ஒவ்வொரு தடவையும் என்னை மேலும் கீழும் பார்த்து, 'இதை எதற்கம்மா வைத்திருக்கிறாய்?' என்கிற முகத்தோடுதான் முத்திரை குத்துவார்கள்.

இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ரூபி முதன்முதலில் துபாய் வந்தபோது என் விசாவில்தான் வந்தாள். அவள் பாஸ்போர்ட்டில் 'வேலை செய்ய அனுமதி இல்லை' என்று ஒரு வரி. சாம்பாரில் உப்புக் குறைந்தால்கூட, "நான் உன் கஃபீல், ஞாபகம் இருக்கட்டும். கேன்சல் அடிச்சு அனுப்பிருவேன்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். நான் ஒருவன்தான் சிரித்தேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அதே வரி இன்று என் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. பாஸ்போர்ட் அவள் இரும்பு பீரோவில், பட்டுச்சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.

"ரூபி, அந்தப் பாஸ்போர்ட்டக் கொஞ்சம் எடு."

"எதுக்கு?"

"சும்மா பாக்கத்தான்."

"பாத்துட்டு அஞ்சு நிமிசத்துல திருப்பித் தந்திரணும். லேபர் கையில பாஸ்போர்ட் இருக்கக்கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

இப்படி நாங்கள் துபாயின் சத்வா பகுதியில், ஒரு பழைய கட்டிடத்தின் முதல் மாடியில் நல்லபடியாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் என் கண் மங்க ஆரம்பித்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் சன்னலில் இருந்து பார்த்தால் தூரத்தில் உலகத்திலேயே உயரமாக ஒரு கோபுரம் கட்டிக்கொண்டிருப்பது தெரியும். எனக்கு இரண்டு தெரிந்தது. ஷேக்குகளுக்குப் பணம் இருக்கிறது, இரண்டு கட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். காப்பியில் உப்பைப் போட்டேன். ரூபி குடித்துவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையும் எனக்குச் சரியாகத் தெரியாததால் நான் தப்பித்தேன்.

என்னைக் காட்டிக்கொடுத்தது ஜமால் பாய். எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கிறார், காயல்பட்டினத்துக்காரர். கடை வாசலில் யாரோ ஒரு புது ஆள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு நிற்பதைக் கொஞ்ச நாளாகக் கவனித்தேன். மரியாதைப்பட்டவர் மாதிரி இருந்தது. போகும்போதும் வரும்போதும் "குட் மார்னிங்" சொல்லிப் பார்த்தேன். பதில் இல்லை. சலாம் சொன்னேன், அதற்கும் இல்லை. மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மிஸ்டர், ஒரு மனுசன் மூணு நாளா விஷ் பண்றேன், தலையாவது ஆட்டக்கூடாதா?" என்று கேட்டேன். உள்ளே மிஷின் சத்தம் நின்றது.

"அண்ணாச்சி, யார்ட்ட சண்டை போடுறிய?" என்றார் ஜமால் பாய்.

"இந்த ஆளுதான் பாய். ரொம்பத் திமிரு."

"அல்லாவே! அது பொம்மைல்லா அண்ணாச்சி! கோட்டு மாட்டிப்போட்டிருக்கேன். தலையே கிடையாது அதுக்கு!"

தலை இல்லாதவரிடம் தலையாட்டச் சொல்லியிருக்கிறேன். அன்று சாயங்காலம் பள்ளிக்கூட பஸ்ஸை விட்டு இறங்கி வந்த ரூபியிடம் ஜமால் பாய் இதை ரவிக்கைத் துணி அளந்துகொண்டே சொல்லிவிட்டார். அதோடு, அந்த வாரம் நான் சிவப்பு விளக்கில் ரோட்டைக் கடக்கப்போய் ஒரு டாக்சிக்காரன் கீச்சென்று பிரேக் போட்டதையும் இலவச இணைப்பாகச் சேர்த்துவிட்டார்.

ரூபி வீட்டுக்கு வந்து கைப்பையை வைத்துவிட்டு, வகுப்பில் பரீட்சைத் தாள் கொடுக்கிற குரலில் பேசினாள். "ரெண்டு கண்ணுலயும் பொறை விழுந்திருக்கு. எங்க அப்பாவுக்கு வந்த மாதிரியேதான். டிக்கெட் போடுதேன், ஊருக்குப் போய் ஆப்பரேசன் பண்ணிக்கிடுங்க."

"நீயும் வருவியா?"

"பரீட்சை நேரத்துல எனக்கு யாரு லீவு தருவா? ஜூலை வரைக்கும் நகர முடியாது."

"அப்ப ஜூலைல பாத்துக்கிடலாம்."

"அது வரைக்கும் நீங்க டாக்சில விழாம இருப்பீங்களா? பகல் பூரா உங்கள இங்க விட்டுட்டு என்னால வகுப்புல நிக்க முடியல. போர்டுல கணக்கு எழுதுதேன், மனசுல பிரேக் சத்தம் கேக்கு."

பிரச்சினை என்னவென்றால், என் விசா முடிய ஐந்து வாரம்தான் பாக்கி. புதுப்பிக்க வேண்டுமென்றால் கடைசி நாட்களில் நானே இங்கே நேரில் போய் நிற்கவேண்டும். ஊருக்குப் போய் ஆபரேஷன், பிறகு சொட்டு மருந்து, பிறகு பரிசோதனை என்று இருந்தால் அந்தத் தேதி தாண்டிவிடும். தாண்டிவிட்டால் அறுபத்தொரு வயதுப் புருஷனுக்கு மறுபடி புதிதாக விசா கொடுக்க எந்த ஆபீசருக்கும் மனசு வராது. அவள் இங்கே மூன்று வருடம், நான் பாளையங்கோட்டையில் பூட்டிக் கிடக்கிற வீட்டைத் திறந்துவைத்துக்கொண்டு மூன்று வருடம். மகள் கோயம்புத்தூரில் மாமனார் மாமியாரோடு இருக்கிறாள். சேர்ந்து இருக்கவேண்டிய வயதில் நாங்கள் ஏற்கெனவே பத்து வருடம் கொடுத்தாயிற்று. நான் ஜுபைல் கேம்ப்பில் இரட்டைக் கட்டிலின் மேல் தட்டில் படுத்துக்கொண்டு அவள் அனுப்பிய கேசட்டைக் கேட்பேன். கேசட்டில் பாதி நேரம் அவள் பேசுவாள், மீதி நேரம் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். கடைசியில் எனக்கு அந்த விசிலும் பிடித்துப்போயிற்று. அதை மறுபடியும், அதுவும் திசையை மாற்றிப்போட்டுக்கொண்டு, ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லை. இங்கே பிரைவேட் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சொன்ன தொகையைக் கேட்டபோது, கண்ணே தெரியாமல் இருப்பது மேல் என்று பட்டது. கையில் இருக்கிற சேமிப்பில்தான் என் பாடு நடக்கிறது. மிச்சமிருந்த ஒரே வழி கவர்ன்மென்ட் ஹெல்த் கார்டு. அது இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் குறைந்த கட்டணத்தில் வைத்தியம் பார்க்கலாம். கம்பெனி இருந்தவரை அதைக் கம்பெனியே எடுத்துக் கொடுத்தது. நான் ஒருநாளும் அதைப் பையிலிருந்து எடுத்ததில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கார்டுக்கு மனுவை அரபியில் டைப் செய்யவேண்டும். டைப்பிங் சென்டரில் இருந்த மலையாளி நண்பர் என்னிடம் விவரம் கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "ரிட்டயர்டு மேனேஜர்" என்றேன். ரூபி தொண்டையைச் செருமினாள். அவர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, "அங்ஙனெ ஒரு கோளம் இல்லா சேட்டா. ஜோலி உண்டோ, இல்லியோ?" என்றார். மனுவில் அப்படி ஒரு கட்டமே இல்லையாம், வேலை உண்டா இல்லையா என்பது மட்டும்தானாம். "இல்லை" என்றேன். அவ்வளவுதான், முப்பது வருடத்தை ஒரு பட்டனில் தட்டிவிட்டார். பிறகு போட்டோ. ரூபி வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, தலைக்கும் மீசைக்கும் கருப்பு மை போட்டுக்கொண்டு போய் எடுத்தேன். வளைகுடாக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. விசா என்று சொன்னாலே கை தானாக டை டப்பாவைத் தேடும். மைக்கும் எனக்கும் கண் ஒத்துழைக்காததால் நெற்றியிலும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். கார்டில் இன்றைக்கும் நான் மூன்று புருவத்தோடு இருக்கிறேன்.

அலுவலகத்தில் இன்னொரு கூத்து. மனு கொடுப்பவள் பெண் என்பதால் பெண்கள் கவுண்டர். ஆண்கள் வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. இந்தப் பக்கம் நாலே பேர். நான் ரூபியின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். ஆண்கள் வரிசையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வையில் பாதி பொறாமை, பாதி பரிதாபம். கருப்பு அபாயா அங்கி போட்ட ஆபீசரம்மா ஒருத்தி பேப்பரைப் புரட்டிவிட்டு என்னைக் கேட்டாள், "வேர் இஸ் ஸ்பான்சர்?" நான் ரூபியைக் காட்டினேன். அவள் ரூபியிடம், "திஸ் யுவர் டிரைவர்?" என்றாள். "ஹஸ்பெண்ட்" என்றாள் ரூபி.

"வாட் வொர்க்?"

"நத்திங்."

"நத்திங்?"

"நத்திங் அட் ஆல்" என்றாள் ரூபி, இத்தனை வருடம் சொல்லக் காத்திருந்தவள் போல.

"குக்கிங்?"

"லிட்டில்."

ஆபீசரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்துக் கவுண்டர்காரிக்கு அரபியில் ஏதோ சொன்னாள். அவளும் எட்டிப் பார்த்து "மாஷா அல்லா" என்றாள். உப்புக் காப்பி விஷயம் அவர்களுக்குத் தெரியாதது என் அதிர்ஷ்டம். கையோடு முத்திரை விழுந்தது.

கார்டு வந்தது. கிளினிக்குக்குப் போனோம் என்று எழுதத்தான் ஆசை, ரூபிக்குப் பள்ளிக்கூடம். நான் தனியாகப் போனேன். இங்கேயுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியைப் பற்றி ஊர்க்காரர்கள் நம்பமாட்டீர்கள். டோக்கன் இயந்திரம், ஏசி, குடிக்கத் தண்ணீர், மெத்தை போட்ட நாற்காலி. நம் திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்குவதற்குள் வந்த வியாதி ஒன்று போய் வேறு ஒன்று வந்துவிடும். இங்கே எனக்குத் தூக்கம்தான் வந்தது. என் எண் வந்ததும் ஒரு நர்சம்மா கூப்பிட்டு ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். எதிர்ச் சுவரில் வெள்ளையாக ஏதோ தொங்குவது தெரிந்தது. "ஒன் ஐ குளோஸ், பாபா. ரீட்" என்றாள்.

அந்த 'ரீட்' என்கிற சொல் காதில் விழுந்ததுதான் தெரியும். முதுகு நிமிர்ந்தது. வாய் தானாகத் திறந்தது. "ஈ! எஃப், பி! டி, ஓ, இசட்! எல், பி, ஈ, டி! பி, ஈ, சி, எஃப், டி!" என்று கடைசி வரி வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டேன். அடுத்த கண்ணைப் பொத்தச் சொன்னாள். அதே வேகம், அதே சுருதி. "வாவ், பாபா! வெரி குட்!" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இது எப்படி என்று சொல்வதற்கு நான் பழைய ஜுபைல் நாட்களுக்குப் போகவேண்டும். அங்கே வருடத்துக்கு ஒரு தடவை கம்பெனி மெடிக்கல். எங்களுக்கெல்லாம் அது தேர்தல் முடிவு மாதிரி. யாருக்காவது ஏதாவது கோளாறு என்று தெரிந்தால் 'அன்ஃபிட்' என்று எழுதிப் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள் என்று ஒரு நடுக்கம். அதனால் கேம்ப்பில் யாருக்கும் எந்த வியாதியும் கிடையாது. காய்ச்சலில் கட்டில் நடுங்கும், கேட்டால் "ஏசி ஜாஸ்தி" என்போம். கண் பரிசோதனை அன்றைக்கு வரிசையில் முதலில் நிற்கிற நல்ல கண்ணுக்காரன் ஒருவன் உள்ளே போய்ப் படித்துவிட்டு வந்து, பின்னால் நிற்கிறவர்களுக்கு எழுத்துகளைச் சொல்லிக்கொடுப்பான். எல்லோரும் ஞாயிற்றுப் பள்ளியில் மனப்பாட வசனம் படிப்பது போலப் படித்துக்கொள்வோம். பத்து வருடமும் அதே அட்டை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய ஒருவருக்கு எதிரே வருவது லாரியா ஒட்டகமா என்று தெரியாது, ஆனால் கடைசி வரி வரைக்கும் பிசகாமல் சொல்வார். இந்தத் துபாய் கிளினிக்கில் தொங்கியதும் அதே அட்டைதான். டாக்டரிடம் போனால் நம் ஊரில் பத்துப் பங்கு கூட்டிச் சொல்வோம், இருமலுக்குப் போனவன் "டாக்டர், பிழைப்பேனா?" என்பான், அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்ப்பார். இங்கே அத்தனையையும் விழுங்கிவிட்டு "ஃபிட், ஃபிட்" என்போம். முப்பது வருடம் விழுங்கிப் பழகிய வாய்க்கு, இப்போது கக்கு என்றால் எப்படி வரும்?

டாக்டர் சூடான்காரர். நெடிய உருவம், சாந்தமான குரல். நர்சம்மா எழுதிக்கொடுத்ததைப் பார்த்தார். "எனி பிராப்ளம்?" என்று கேட்டார். "மாஃபி பிராப்ளம்" என்றேன். "ஸ்லீப்?" "குட்." "ஐஸ்?" "வெரி குட்." அவர் எழுந்து என் கையைக் குலுக்கி, "லைக் யங் மேன்" என்றார். கண் காய்ந்திருக்கிறது என்று ஒரு சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, கதவு என்று நினைத்து அலமாரியைத் திறந்தேன். அவர் பெருந்தன்மையாகச் சரியான கதவைத் திறந்துவிட்டார். பஸ்ஸில் உட்கார்ந்து, பாதி தூரம் சந்தோஷமாகப் போனபிறகுதான், நான் எதற்காகப் போனேன் என்பது ஞாபகம் வந்தது. கண் ஆஸ்பத்திரிக்கு இந்த டாக்டர் கடிதம் கொடுத்தால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். அவர் எழுதியிருப்பது, 'இரு கண்களும் நன்று.'

சாயங்காலம் ரூபி கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

"பாஸ்."

"என்னது பாஸ்?"

"ரெண்டு கண்ணும் பாஸ். யங் மேன் மாதிரி இருக்கேனாம்."

விஷயத்தைக் கேட்டு முடித்ததும் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "முப்பது வருசம் பிள்ளைங்களப் பாஸாக வச்சிருக்கேன். உங்களப் பெயிலாக வைக்கணும்னு என் தலைல எழுதியிருக்கு பாருங்க." பிறகு சிரிக்கவில்லை. காலண்டரைப் பார்த்தாள். "மூணு வாரந்தான் இருக்கு" என்றாள். சட்டென்று எழுந்து போய் டிக்கெட் ஏஜென்ட் நம்பர் எழுதிவைத்திருந்த டைரியை எடுத்து மேசைமேல் வைத்தாள். திறக்கவில்லை. ஆனால் வைத்தாள்.

அடுத்த வாரம் அவள் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்தாள். வருகிற வழியெல்லாம் பாடம். "அட்டைய மறந்துருங்க. என்ன தெரியுதோ அத மட்டும் சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. கூட ஒரு வார்த்தை பேசக்கூடாது." நான் தலையாட்டினேன். ஆனால் எனக்குள் ஒரு யோசனை ஓடியது. போன தடவை ஃபிட்டாக இருந்ததுதானே தப்பு? இந்தத் தடவை நம் ஊர்ப் பாணியில் பத்துப் பங்கு கூட்டிச் சொல்லிவிடுவோம். ரூபி டோக்கன் எடுக்கப் போன நேரத்தில், ஜமால் பாயிடம் இரவல் வாங்கி மடக்கிப் பைக்குள் வைத்திருந்த கருப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். அவள் வந்து என்னவென்று கேட்பதற்குள் எங்கள் எண் வந்துவிட, அவளுக்கு முன்னால் டாக்டர் அறைக்குள் சுவரைத் தடவிக்கொண்டு நுழைந்தேன். "டாக்டர்! மாஃபி சீ! நத்திங் சீ! ஆல் பிளாக்!" என்று முனகினேன். கண்ணாடியைப் போட்டதால் அதில் ஓரளவு உண்மையும் இருந்தது.

டாக்டர் போன வாரத்துத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கையில் இருந்த பேனா நழுவி என் காலடியில் விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். இத்தனைக்கும் அது டக்கென்று விழுந்த சத்தத்தை வைத்துத்தான் எடுத்தேன், சத்தியமாக. ஆனால் அந்த நேரத்தில் அதை யார் நம்புவார்கள்? அவர் முகம் மாறிவிட்டது.

"பாபா, லாஸ்ட் வீக் பெர்ஃபெக்ட். டுடே பிளைண்ட். வாட் யூ வாண்ட்? சர்ட்டிபிகேட்?" அவர் தாளை மூடினார். "கலாஸ்."

கடிகாரம் கொடுத்தபோது கேட்டதைவிட இது மோசம். நான் திரும்பி ரூபியைப் பார்த்தேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, ஆனால் வீட்டு மேசையில் இருந்த அந்த டைரி தெரிந்தது. "சார், ஒன் மினிட்" என்றாள் ரூபி. "ஐ ஆம் எ டீச்சர். ஐ நோ திஸ் டைப் ஸ்டூடன்ட்." நர்சம்மாவைத் தனியே கூப்பிட்டு ஏதோ கிசுகிசுத்தாள். இரண்டு பேரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். சிறிது நேரத்தில் என்னையும் அழைத்து அதே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கருப்புக் கண்ணாடியை ரூபி பிடுங்கிக்கொண்டாள். டாக்டர் கதவருகே வந்து கைகட்டி நின்றார். எதிர்ச் சுவரில் வெள்ளையாக ஏதோ தொங்கியது.

"ரீட், பாபா."

நான் உஷாராக இருந்தேன். முழுதாகச் சொன்னால் மறுபடியும் பாஸாகிவிடும். ஒன்றுமே சொல்லாவிட்டால் நாடகம் என்பார்கள். நடுவழியாகப் போவோம் என்று தீர்மானித்தேன். கண்ணைச் சுருக்கினேன். கழுத்தை நீட்டினேன். ரொம்பவும் சிரமப்பட்டுப் படிப்பதுபோல, "ஈ... எஃப்... பி... டி... ஓ..." என்று இழுத்து இழுத்து நாலு வரி வந்து, ஐந்தாம் வரியில் வேண்டுமென்றே இரண்டு எழுத்தைத் தப்பாகச் சொல்லி, பெருமூச்சு விட்டு நிறுத்தினேன். நடிப்பு எனக்கே திருப்தியாக இருந்தது.

பிறகு நர்சம்மா 'களுக்'கென்று சிரித்தாள். டாக்டர் என் தோளில் கைபோட்டு எழுப்பி, சுவருக்கு ஒரு முழ தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அது எழுத்து அட்டையே இல்லை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடச் சொல்லும் போஸ்டர். கொழுகொழுவென்று ஒரு குழந்தை பொக்கைவாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தையின் முகத்தில்தான் நான் நாலு வரி இங்கிலீஷ் வாசித்திருக்கிறேன்.

"வீட்டுல நல்லா வாசிச்சுட்டு வந்தேன்னு சொல்லுத பிள்ளைட்ட, புஸ்தகத்தத் தலைகீழாக் குடுத்து வாசிக்கச் சொல்லுவோம்" என்றாள் ரூபி. அவள் சிரித்துக்கொண்டே சொன்னாலும் குரல் உடைந்திருந்தது. டாக்டர் என்னை உட்காரவைத்து, "ஒய், பாபா?" என்று கேட்டார். எனக்கு இங்கிலீஷில் நீளமாகப் பேச வராது. "டாக்டர், தர்ட்டி இயர்ஸ், சிக் மீன்ஸ் கோ ஹோம்" என்றேன். அவர் மூடிய தாளை மறுபடி திறந்தார். அவரும் வெளியூர்க்காரர்தானே. அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் ஏதோ ஒரு தூர தேசத்துக் குடும்பப் படம் இருந்ததாக ரூபி பிறகு சொன்னாள். டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் நிதானமாகப் பார்த்தார். "லைக் மில்க்" என்றார். கண் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி, மேலே அவசரம் என்று அரபியில் ஒரு வார்த்தை போட்டு, கூடவே எனக்கு ஒரு ஆலோசனையும் சொன்னார்: "பாபா, ஹாஸ்பிடல், யூ டோன்ட் டாக். ஒன்லி மேடம் டாக்."

அப்படியே செய்தோம். மேடம் பேசினாள், நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து வலது கண்ணில் ஆபரேஷன். மூன்று புருவக் கார்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆளே அந்த ஆஸ்பத்திரியில் இல்லை; ஆனால் ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை. கட்டோடு போய் நின்று, விசா முடிய இரண்டு நாள் இருக்கும்போது புதுப்பித்துக்கொண்டோம். ஆபீசருக்கு என் ஒற்றைக் கண் கட்டைப் பார்த்து இரக்கம் வந்ததா, அல்லது இப்படிப்பட்ட சரக்கை ஒரு பெண் இன்னும் வைத்துக்கொள்ள விரும்புகிறாளே என்று அதிசயம் வந்ததா, தெரியாது. இன்னும் ஒரு வருடம் நான் இருக்கிறேன்.

கட்டை அவிழ்த்ததும் உலகம் சோப்புப் போட்டுத் துவைத்த மாதிரி இருந்தது. முதலில் பார்த்தது ரூபியைத்தான். "என்ன ரூபி, தலையில சாக்பீஸ் தூளா?" என்று கேட்டேன். "நரைச்சு அஞ்சாறு வருசம் ஆகுது. இப்பதான் பாக்குதீங்க" என்றாள். இடது கண்ணுக்கு இங்கே தேதி அடுத்த வருடம்தான் கிடைக்கும் என்றார்கள். ஜூலையில் அவளுக்கு லீவு. இரண்டு பேரும் சேர்ந்து ஊருக்குப் போய்ப் பாளையங்கோட்டையில் அதை முடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சேர்ந்தே திரும்புவதாக முடிவு செய்திருக்கிறோம்.

அதுவரைக்கும் எனக்கு ஒரு கண் ஒரு மாதிரியும் மறு கண் வேறு மாதிரியும் இருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்கு சன்னலில் நின்று இதை நான் விளையாட்டாகச் செய்து பார்ப்பதுண்டு. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தால், தெரு முழுக்கத் தேநீர் நிறத்தில் புழுதி படிந்து, மே மாத வெயிலில் எங்கள் பாளையங்கோட்டைத் தெரு கிடப்பது போலவே கிடக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி வருகிற ரூபிக்குத் தலை கன்னங்கரேல் என்று இருக்கிறது. இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தால் பளீரென்று சத்வா. டிஷ் ஆன்டெனாக்கள், கிரேன்கள், உருது போர்டுகள், வெள்ளைத் தலையோடு, இடது முட்டியைக் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து நடந்து வருகிற ஒரு வயதான டீச்சர். இரண்டு கண்ணையும் திறந்தால் இரண்டு தெருவும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல், ஓரத்தில் பிசிறடித்துக்கொண்டு நிற்கின்றன. எது எந்த ஊர் என்று பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை. இரண்டிலும் அவள் இந்த வீட்டைப் பார்த்துத்தான் நடந்து வந்துகொண்டிருக்கிறாள். நான் அடுப்பில் தண்ணீர் வைக்கப் போகிறேன்.